ஊர் சேர்ந்து வாங்கிய கப்பல்

நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வருகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். கோரம் சேரவில்லை என்று அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே நாற்காலிகளில் அதே பதினைந்து பேர் உட்கார்ந்து, "இனி கோரம் தேவையில்லை" என்று ஆரம்பிப்போம். லிஃப்ட் மாற்றுவதற்குக் கார்பஸ் ஃபண்டைத் தொடலாமா கூடாதா என்று பேசி முடிக்கவே ஒன்றரை வருடம் ஆனது. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் இரண்டு கூட்டத்துக்கு வராதவன்தான்.

இந்த இதழுக்கு ஏதாவது வரலாறு எழுதுங்கள் என்று கேட்டபோது எனக்கு ஒரு தீவின் கதை நினைவுக்கு வந்தது. அந்தத் தீவு மக்கள் தங்களுக்குள் பணம் வசூலித்து லிஃப்ட் அல்ல, ஜெனரேட்டர் அல்ல, கப்பலே வாங்கினார்கள். சும்மா வேடிக்கைக்கு அல்ல, ஆயிரக்கணக்கான பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல் கம்பெனியையே நடத்தினார்கள். நமக்குக் கப்பலுக்குப் பங்கு திரட்டுவது என்றால் வ.உ.சி. நினைவுதான் வரும். இது அந்தக் கதை இல்லை. இது நடந்தது கிரேக்க நாட்டில், கிரீட் தீவில், 1967இல். ஆரம்பம் மட்டுமல்ல, முடிவும் நம்மைப் போன்ற சங்கக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீட் கிரேக்கத் தீவுகளில் பெரியது. மேற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளம். 1960களில் அங்கே ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள். ஆலிவ் எண்ணெய், ஆரஞ்சு, திராட்சை, தக்காளி எல்லாம் விளையும். விளைந்ததை விற்க வேண்டுமானால் தலைநகர் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்குக் கொண்டுபோக வேண்டும். மேல்படிப்புக்குப் போகும் பிள்ளையும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியும், பட்டாளத்துக்குப் போகும் இளைஞனும் அதே வழிதான். இரவு கப்பல் ஏறினால் விடியற்காலையில் பிரேயஸ். தீவில் இருப்பவர்களுக்குக் கப்பல் என்பது பிரயாணம் அல்ல, அதுதான் அவர்களுடைய சாலை. சாலை தனியார் ஒருவரின் சொத்தாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போது அந்தக் கடலில் பெரிய பெயர் டிபால்டோஸ் என்ற குடும்பக் கம்பெனி. பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டி முடித்த பழைய கப்பல்களை வாங்கி, உள்ளே மாற்றங்கள் செய்து, கிரேக்கத் தீவுகளுக்கு ஓட்டுவார்கள். அப்படி வாங்கியவற்றில் இரண்டு, பிப்பி லைன் என்ற லிவர்பூல் கம்பெனியின் கப்பல்கள். பிரிட்டனுக்கும் ரங்கூனுக்கும் இடையே ஓடியவை. ரங்கூன் என்றால் நம் தாத்தா பாட்டி காலத்து நினைவுகள் சில வீடுகளில் இன்னும் இருக்கும். அந்தத் தடத்தில் ஓடிய லெஸ்டர்ஷயர் என்ற கப்பல்தான் கிரேக்கத்துக்கு வந்து ஹெராக்ளியோன் ஆனது. 1949இல் கிளாஸ்கோவில் கட்டியது. கடலில் சரக்கும் கொஞ்சம் பயணிகளும் ஏற்றுவதற்காகக் கட்டிய கப்பலில், லாரிகளும் கார்களும் நேரே உள்ளே ஓட்டிவரும்படி பக்கவாட்டில் கதவு வெட்டினார்கள். இந்தக் கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1966 டிசம்பர் 7, மாலை. கிரீட்டின் மேற்குப் பகுதியில் ஹனியா என்ற நகரம், அதன் துறைமுகம் சூடா. அங்கிருந்து ஹெராக்ளியோன் பிரேயஸுக்குப் புறப்பட்டது. கடல் மிகக் கொந்தளிப்பாக இருந்த இரவு. வாகனத் தளத்தில் ஆரஞ்சு ஏற்றிய ஒரு குளிர்பதன லாரி இருந்தது. இப்படிப்பட்ட வண்டிகளைக் கப்பல் தளத்தோடு சங்கிலி போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். கப்பல் சாயும்போது பல டன் எடையுள்ள லாரி நகர ஆரம்பித்தால் அதைப் பிடித்து நிறுத்த எந்த மனிதனாலும் முடியாது. அந்த லாரி நகர்ந்தது. இடதும் வலதுமாக ஆடிய கப்பலுக்குள் முட்டி முட்டி, கடைசியில் அந்தப் பக்கவாட்டுக் கதவை உடைத்துக்கொண்டு கடலில் விழுந்தது. திறந்த வழியில் கடல் உள்ளே வந்தது. டிசம்பர் 8 அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு, ஃபால்கோனேரா என்ற ஆளில்லாத சின்னத் தீவுக்கு அருகே, உதவி கேட்டு அனுப்பிய வானொலிச் செய்தி வந்துகொண்டிருக்கும்போதே கப்பல் போய்விட்டது. இறந்தவர்கள் 200க்கும் மேல். பிழைத்தவர்கள் 50க்கும் குறைவு. சரியான எண்ணிக்கை பற்றி இன்றுவரை சர்ச்சை உண்டு. ஏறியவர்களின் பட்டியலே ஒழுங்காக இல்லை என்றால் எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

விசாரணையில் வெளிவந்தவை படிக்கவே எரிச்சலாக இருக்கும். ஆபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சி மாலுமிகளுக்கு இல்லை. உதவிக்கான செய்தியை அனுப்பியதே தாமதம். கம்பெனியின் மற்ற கப்பல்களைச் சோதித்தபோது பெரும்பாலானவை தேறவில்லை. இத்தனை வருடம் அந்தக் கப்பல்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள், எல்லா ஊரிலும் அது ஒரே கதைதான். 1968இல் முதலாளி டிபால்டோஸும் கம்பெனியின் மேலாளர் ஒருவரும் சிறைக்குப் போனார்கள். கம்பெனி மூழ்கியது.

சாதாரணமாக இங்கே கதை முடிந்துவிடும். நினைவஞ்சலி, நஷ்ட ஈடு, வழக்கு, மறதி. கிரீட்டில் முடியவில்லை. ஹனியா மாவட்டத்தின் மேற்கே கிஸ்ஸாமோஸ், செலினோ பகுதிகளுக்கு இரினேயோஸ் என்ற ஆயர் இருந்தார். 1911இல் பிறந்தவர், 1957இல் ஆயரானவர். பிரசங்கத்தோடு நிற்காமல் தொழிற்பள்ளி, மாணவர் விடுதி என்று ஊருக்கு வேண்டியதைச் செய்துகொண்டிருந்தவர். அவரும் ஹனியா நகரத்துப் பெரியவர்களும் சேர்ந்து சொன்னது சுருக்கமாக இதுதான்: நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கப்பல் நம்முடையதாக இருக்க வேண்டும். விபத்து நடந்து நான்கே மாதத்தில், 1967 ஏப்ரலில், கம்பெனி பதிவானது. கிரீட் கப்பல் கம்பெனி என்று பொருள்படும் கிரேக்கப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆனெக் என்று அழைத்தார்கள்.

அதே ஏப்ரல் 21ஆம் தேதி கிரேக்கத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டம் கூடுவதற்கே பயந்த காலம் ஏழு வருடம் நீடித்தது. அந்தக் காலத்தில்தான் இவர்கள் கிராமம் கிராமமாகப் பங்கு விற்றார்கள். வாங்கியவர்கள் பணக்காரர்கள் இல்லை. விவசாயிகள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள், பாதிரிமார்கள். ஒரு பங்கு, இரண்டு பங்கு. இப்படித் திரட்டிய பணத்தில் ஆனெக்கின் முதல் கப்பல் 1970இல் ஓட ஆரம்பித்தது. பெயர் கிடோன். ஹனியாவின் பழைய பெயர் கிடோனியா, அதை நிறுவியதாகப் புராணம் சொல்லும் அரசனின் பெயர்தான் கிடோன். அது புதுக் கப்பல் இல்லை. 1950களில் கட்டிய எண்ணெய்க் கப்பலை மாற்றிப் பயணிகள் கப்பலாக்கினார்கள். ஊர்ப்பணத்தில் அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் இந்தக் கப்பல் சரியில்லை என்றால் யாரைக் கேட்க வேண்டும் என்பது இப்போது ஊருக்குத் தெரியும். ஆண்டுக் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருப்பார்.

இரினேயோஸ் எழுபதுகளின் பெரும்பகுதியை ஜெர்மனியில் உள்ள கிரேக்கத் திருச்சபைப் பொறுப்பில் கழித்தார். ராணுவ ஆட்சிக்கு அவரைத் தீவில் வைத்திருக்க விருப்பமில்லை. பிறகு ஊர் திரும்பினார். 2013இல் 101 வயதில் இறந்தார். தான் தொடங்கிய கம்பெனியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருவர் கண்ணாலேயே பார்ப்பது வரமா தண்டனையா தெரியவில்லை.

இனி ஏற்றத்தைப் பார்ப்போம். ஹனியாக்காரர்கள் செய்ததைப் பார்த்து, தீவின் நடுவில் இருக்கும் ஹெராக்ளியோன் நகரத்துக்காரர்கள் 1972இல் தங்களுக்கென்று மினோவன் லைன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் கப்பல் 1974இல். அதே 1972இல் வடகிழக்கே லெஸ்வோஸ் தீவு மக்களும் ஒன்று தொடங்கினார்கள். ரோட்ஸ் உள்ளிட்ட தீவுக் கூட்டத்துக்கும் ஒன்று வந்தது. பின்னாளில் கிரீட்டின் மற்ற இரண்டு மாவட்டங்களான ரெதிம்னோவும் லாசிதியும் கூட விடவில்லை, ஆளுக்கொரு கம்பெனி. ஆக ஒரே தீவில் நான்கு மாவட்டம், நான்கு கப்பல் கம்பெனி! ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் தனித்தனி போர்வெல் வேண்டும் என்று நாம் சண்டை போட்டதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கிரேக்க மொழியில் இவற்றுக்குப் பொதுப் பெயரே வந்துவிட்டது. தமிழில் சொன்னால் "மக்கள் அடித்தளக் கம்பெனிகள்".

கப்பல் தொழிலின் கணக்கு எப்படி என்று கொஞ்சம் தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். தீவுத் தடத்தில் கோடைக்காலத்தில் சுற்றுலாக்காரர்களால் கப்பல் நிரம்பும். குளிர்காலத்தில் பாதி காலி. ஆனால் எரிபொருளும் சம்பளமும் குறையாது. தீவில் இருப்பவருக்கோ குளிர்காலக் கப்பல்தான் முக்கியம். எந்தத் தடத்தில் யார் ஓட்டலாம் என்ற அனுமதியும், கட்டணமும் அரசின் கையில் இருந்தன. அதனால் உள்ளூர்த் தடத்தில் பெரிய லாபம் வராது, பெரிய நஷ்டமும் வராது. லாபம் வேண்டும், புதுக் கப்பல் வேண்டும் என்றால் வெளியே போக வேண்டும். வெளியே என்றால் கிரேக்கத்தின் மேற்குக் கரையில் பத்ராஸ் துறைமுகத்திலிருந்து இத்தாலிக்கு. மினோவன் 1980களின் தொடக்கத்திலேயே அங்கே போனது, ஆனெக்கும் போனது.

1990களில் யுகோஸ்லாவியாவில் போர் மூண்டது. அதுவரை கிரேக்க லாரிகள் அந்த நாட்டின் வழியாகத் தரை மார்க்கமாகத்தான் ஜெர்மனிக்குப் போய்வந்தன. அந்தச் சாலை அடைபட்டதும் எல்லா லாரிகளும் இத்தாலிக் கப்பல்களுக்கு வந்தன. யாரோ செத்த வீட்டில் யாருக்கோ விருந்து என்பது போல, கப்பல் கம்பெனிகளுக்கு நல்ல காலம். 1992இல் ஆனெக் எலெஃப்தேரியோஸ் வெனிசெலோஸ் என்ற மாபெரும் கப்பலைக் கடலில் இறக்கியது. ஹனியா அருகே பிறந்து நாட்டின் பிரதமரானவரின் பெயர். எண்ணெய்க் கப்பலை வெட்டி ஒட்டி ஆரம்பித்தவர்கள் இருபத்திரண்டு வருடத்தில் வந்து சேர்ந்த இடம் அது. அந்தக் கப்பலைப் பார்த்து ஒரு பங்கு வைத்திருந்த கிழவருக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயம். மறைத்தால் வரலாறு ஆகாது. 1998 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் கிரீஸ், இத்தாலி இடையே ஓடிய ஏழு கப்பல் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. 1987 முதல் 1994 வரை தங்களுக்குள் பேசிவைத்துக் கட்டணத்தை நிர்ணயித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மொத்த அபராதம் 91.2 லட்சம் எக்யூ, யூரோவுக்கு முன்பு இருந்த ஐரோப்பியக் கணக்கு நாணயம் அது. மிகப் பெரிய தொகை மினோவனுக்கு. பட்டியலில் ஆனெக்கும் இருந்தது. மக்கள் கம்பெனி என்ற பெயர் இருந்தால் மட்டும் பயணியின் பக்கம் நிற்கும் என்று சொல்ல முடியாது போலிருக்கிறது.

நல்ல காலத்தைப் பார்த்துப் போட்டியும் வந்தது. 1995இல் சூப்பர்ஃபாஸ்ட் என்ற தனியார் கம்பெனி அதிவேகப் புதுக் கப்பல்களை இறக்கி, பத்ராஸிலிருந்து இத்தாலியின் அன்கோனாவுக்குப் போகும் நேரத்தை 20 மணி நேரமாகக் குறைத்தது. பழைய கப்பல்களை வைத்துக்கொண்டு இனி பிழைக்க முடியாது. ஆனெக் நார்வேயிலும், மினோவன் இத்தாலியிலும் புதுக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அந்தப் பணம் கிராமத்தில் வசூலிக்கும் பணம் இல்லை. வங்கிக் கடனும் பங்குச் சந்தையும்தான் வழி. மினோவன் 1998இல் ஏதென்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலானது. 1999 தொடக்கத்தில் ஆனெக்கும்.

1999 ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? நம் ஊரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் பறந்துகொண்டிருந்த வருடம். ஏதென்ஸில் டாக்ஸி டிரைவர் முதல் டீக்கடை வரை பங்குப் பேச்சுதான். அந்தச் செப்டம்பரில் சந்தைக் குறியீடு 6,300 புள்ளிகளைத் தாண்டி உச்சம் தொட்டது. 2003இல் 1,500க்கும் கீழே. இடைப்பட்ட காலத்தில் ஊர்ப்பங்கு ஊரை விட்டுப் போனது.

ஏன் போனது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுகிறது. 1967இல் அவர்கள் தொடங்கியது கூட்டுறவுச் சங்கம் அல்ல. சட்டப்படி அது சாதாரணப் பங்குக் கம்பெனி. கூட்டுறவிலோ நம் சங்கத்திலோ ஆளுக்கு ஒரு ஓட்டு. மூன்று படுக்கையறை வீட்டுக்காரருக்கும் ஒன்றுதான், ஒரு படுக்கையறைக்காரருக்கும் ஒன்றுதான். கம்பெனியில் பங்குக்கு ஒரு ஓட்டு. ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கு ஆயிரம். பல்லாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கும்வரை யாரும் யாரையும் அடக்க முடியாது, அதனால் அது மக்கள் கம்பெனி போலவே நடந்தது. அது சட்டத்தால் வந்த பாதுகாப்பு அல்ல, சிதறிக் கிடந்ததால் வந்த பாதுகாப்பு. சந்தைக்கு வந்த அன்று அது போய்விட்டது. அப்பா கண்ணீரோடு வாங்கிய பங்கு மகனுக்கு வெறும் காகிதம். விலை ஏறினால் விற்கத்தான் தோன்றும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், சேர்த்துச் சேர்த்து வாங்கலாம்.

அப்படியானால் கூட்டுறவாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் பெரிய பணம் உள்ளே வராது. பெரிய பணம் இல்லாமல் நார்வேயில் கப்பல் கட்ட முடியாது. பழைய கப்பலையே ஒட்டுப்போட்டு ஓட்டினால், மறுபடியும் ஹெராக்ளியோன் கதைதான். அந்த இயக்குநர்கள் முன்னால் இருந்த இரண்டு வழியும் லேசானவை இல்லை.

மினோவன் சந்தையில் திரட்டிய பலத்தோடு ஏஜியன் கடலின் சின்னச் சின்னக் கம்பெனிகளை வாங்கிக் குவித்தது. அதற்காக மினோவன் ஃப்ளையிங் டால்ஃபின்ஸ் என்ற துணைக் கம்பெனி. அந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஒன்று எக்ஸ்பிரஸ் சமீனா. 2000 செப்டம்பர் 26 மாலை பிரேயஸிலிருந்து 500க்கும் மேற்பட்டவர்களோடு புறப்பட்டது. இரவு பத்து மணிக்கு மேல், பாரோஸ் தீவின் துறைமுகத்துக்கு மிக அருகில், விளக்கு எரிந்துகொண்டிருந்த போர்ட்டெஸ் பாறைகள் மீது நேராகப் போய் மோதியது. கப்பல் தானியங்கியில் ஓடியது, பார்க்க வேண்டியவர்கள் பாதையைப் பார்க்கவில்லை. மூடியிருக்க வேண்டிய நீர்த்தடுப்புக் கதவுகளில் பெரும்பாலானவை திறந்தே கிடந்தன. 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்ததற்குப் பெரிய காரணம், அந்தக் காற்றிலும் தங்கள் சிறு படகுகளை எடுத்துக்கொண்டு பாய்ந்து வந்த பாரோஸ் மீனவர்கள்.

எக்ஸ்பிரஸ் சமீனா கட்டப்பட்ட வருடம் 1966. ஹெராக்ளியோன் மூழ்கிய அதே வருடம். 35 வருடமானால் பயணிகள் கப்பலுக்கு ஓய்வு என்பது அன்றைய கிரேக்க விதி, அதற்கு அடுத்த வருடம் ஓய்வு பெற வேண்டிய கப்பல். "பழைய கப்பல், மூடாத கதவு, பயிற்சியில்லாத மாலுமி" என்று சொல்லி அழுத தீவிலிருந்து எழுந்த கம்பெனியின் கிளைதான் அதை ஓட்டியது. துணைக் கம்பெனியின் நிர்வாகத் தலைவர் இரண்டு மாதம் கழித்துத் தற்கொலை செய்துகொண்டார். கேப்டனும் துணை அதிகாரியும் மற்றவர்களும் தண்டனை பெற்றார்கள். இது நடந்தது கிரீட் தடத்தில் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தங்கள் ஊர்க்காரர்களே ஏறும் தடத்தில் ஆனெக்கோ மினோவனோ இப்படி ஒரு கப்பலை இழக்கவில்லை. மற்றவன் ஊருக்குப் போகும் கப்பலில்தான் அது நடந்தது. இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

மீதிக் கதை வேகமாக முடிந்துவிடும். 2008இல் நேப்பிள்ஸ் நகரத்து கிரிமால்டி குழுமம் மினோவனின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. பிறகு கிரேக்கப் பொருளாதார நெருக்கடி. ஆனெக் கடனில் திணறி, 2011 முதல் பழைய போட்டியாளரான சூப்பர்ஃபாஸ்டின் குழுமத்தோடு சேர்ந்து கப்பல் ஓட்டியது. 2014 டிசம்பர் 28 அன்று ஆனெக் வாடகைக்கு எடுத்திருந்த நார்மன் அட்லாண்டிக் என்ற இத்தாலியக் கப்பல் அட்ரியாட்டிக் கடலில் தீப்பிடித்தது, உயிர்கள் போயின. லெஸ்வோஸ் தீவின் கம்பெனி சம்பளம் கொடுக்க முடியாமல் 2010களின் நடுவில் நின்றுபோனது. ரோட்ஸ்காரர்களுடையது அதற்கும் முன்பே. 2023 டிசம்பரில் ஆனெக் முழுவதுமாக அந்தக் குழுமத்தில், அதாவது ஆட்டிகா குழுமத்தில், கரைந்தது. தனிக் கம்பெனியாக அதன் ஆயுள் 56 வருடம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று கிரீட்டுக்குப் போகும் கப்பல்கள் நல்ல கப்பல்கள். இரவு தவறாமல் போகின்றன. அந்தத் தடத்தில் இந்தத் தரம் வந்ததற்குக் காரணம், மூன்றாம் தரக் கப்பல் போதும் என்று இருந்த இடத்தில் போதாது என்று சொல்லி ஊர் மக்கள் காசு போட்டதுதான். உடைமை போய்விட்டது, ஆனால் எப்படிப்பட்ட கப்பல் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு போகவில்லை. அதற்கு அரை நூற்றாண்டு உழைப்பு அதிக விலையா குறைந்த விலையா என்று நீங்களே சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை மாலை பூங்கா பெஞ்சுக்கு வந்து சொன்னால் நானும் கேட்பேன்.

நம் குடியிருப்பில் இப்போதெல்லாம் ஐரோப்பா சுற்றுலா போகிறவர்கள் அதிகம். கிரீஸ் போனால் சான்டோரினியோடு திரும்பிவிடாமல், பிரேயஸில் இரவுக் கப்பல் ஏறி ஹனியாவுக்கும் போய் வாருங்கள். விடியும்போது சூடாவில் இறக்கிவிடுவார்கள். ஏறியதும் வாகனத் தளத்தில் லாரிகளைச் சங்கிலி போட்டுக் கட்டுவதை முடிந்தால் எட்டிப் பாருங்கள். ஹனியாவில் கடலோரம் ஹெராக்ளியோனில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, மேலே நீட்டிய ஒரு கை. உள்ளூரில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.